மூலையில் இரண்டு பாதங்கள்

ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1786-இல் தீட்டிய ஜான் ஹன்டரின் உருவப்படத்தை முதலில் நான் பார்த்தது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மருத்துவ வரலாற்று நூலில். கறுப்பு வெள்ளை, மங்கலான அச்சு. மேஜையருகே உட்கார்ந்திருக்கிறார் ஹன்டர். ஒரு கை தாடையைத் தாங்கியிருக்கிறது, மற்றதில் பேனா. கண்கள் எங்கோ மேலே. சிந்தனையின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று ஐரோப்பா தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்ட முகம். மேஜையில் விரித்த ஏடு, கண்ணாடிக் குடுவைகள். பல நாட்கள் கழித்துத்தான் மேல் மூலையைக் கவனித்தேன். அங்கே இரண்டு பாதங்கள் தொங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புகளும் பாதங்களும் மட்டும். அதற்கு மேலே சட்டம் முடிந்துவிடுகிறது. அந்த ஆளின் உயரத்துக்கு ஓவியத்தில் இடமில்லை.

அந்தப் பாதங்கள் சார்லஸ் பைர்னுடையவை. அயர்லாந்தின் வடக்கில், டெரி-டிரோன் மாவட்டங்களின் எல்லையில் உள்ள லிட்டில்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1761-இல் பிறந்தவன். அவன் இவ்வளவு வளர்ந்ததற்கு ஊர்க்காரர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: தாயும் தகப்பனும் உயரமான வைக்கோல் போரின் உச்சியில் கூடியதால் கருவான பிள்ளையாம். சிரிக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த நூறு ஆண்டுகளில் விஞ்ஞானம் தந்த விளக்கம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் மேலானதல்ல. பத்தொன்பது இருபது வயதில் ஊரைவிட்டுக் கிளம்பி, காட்சிப்பொருளாகத் தன்னையே எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்து வழியாக லண்டன் வந்து சேர்ந்தது 1782-இல். எடின்பரோவில் தெரு விளக்கை எட்டி அதில் தன் சுங்கானைப் பற்றவைத்துக்கொண்டான் என்றும், இராக்காவலாளிகள் மிரண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்குப் பிடித்த பைர்ன் அவன்தான். அந்த நேரத்தில் யாரும் அவனுக்குக் கட்டணம் கொடுத்திருக்கவில்லை.

லண்டனில் ஸ்பிரிங் கார்டன்ஸ் பகுதியில், காக்ஸின் பழைய காட்சிச்சாலைக்கு அடுத்த பிரம்புக் கடையில் அவனைக் காட்டினார்கள். நுழைவுக் கட்டணம் இரண்டரை ஷில்லிங். குழந்தைகளுக்கும் சீருடை அணிந்த வேலைக்காரர்களுக்கும் ஒரு ஷில்லிங். உயரம் எட்டடி இரண்டங்குலம் என்று விளம்பரம். எலும்பை அளந்தபோது ஏழடி ஏழங்குலம் வந்தது. இடைப்பட்ட அந்த ஏழங்குலப் பொய் அந்தத் தொழிலின் லாபம்; எல்லாத் தொழிலிலும் இருப்பதுதான். பிரபுக்கள் வந்தார்கள், சீமாட்டிகள் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. ஒரு பருவம் முழுக்க லண்டன் அவனைப் பற்றியே பேசிற்று. பிறகு வேறு ராட்சதர்களும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் குறைந்தது. குடி கூடியது. 1783 ஏப்ரலில் ஒரு மதுக்கடையில் அவனுடைய சேமிப்பெல்லாம் — 700 பவுண்டு, நோட்டாகப் பையில் வைத்திருந்தது — களவு போயிற்று. ஜூன் முதல் தேதி காக்ஸ்பர் தெருவில் ஓர் அறையில் இறந்துபோனான். வயது 22.

இதற்குள் ஒரு முடிவு செய்துவிடத் தோன்றும்: பாவம், அங்கஹீனத்தை விற்றுப் பிழைத்த ஏழை, பணம் கொடுத்துப் பார்த்தவர்கள் இரக்கமற்றவர்கள். நான் அந்த முடிவுக்கு வரத் தயாராக இல்லை. பார்ப்பதற்கு இரண்டரை ஷில்லிங் என்று ஒருவன் சொல்லும்போது, அதில் ஒரு வாசல் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, ஒரு விலை இருக்கிறது. அந்த நேரம் முடிந்தால் வாசல் மூடும். மூடிய வாசலுக்கு உள்ளே இருப்பவன் காட்சிப்பொருள் அல்ல. களைத்துப்போன ஓர் இளைஞன். அயர்லாந்தின் ஒரு குக்கிராமத்தில் அவனைப் பார்க்க யாரும் காசு கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இலவசமாக, எந்நேரமும். லண்டன் வந்து அவன் செய்தது, எப்படியும் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்கு வேலி போட்டு வாசல் வைத்ததுதான். நம் இரக்கம் அந்த வாசலைப் பார்ப்பதில்லை. இரக்கப்படுகிறவனும் அவனை அண்ணாந்துதான் பார்க்கிறான். கட்டணம் கொடுக்காமல் பார்க்கிறான், அவ்வளவே வித்தியாசம்.

அவனுடைய சமகாலத்தவனும் போட்டியாளனுமான பேட்ரிக் காட்டருக்கு இந்த வாசலின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. கின்சேல் ஊர்க்காரன், கொத்தனாராக இருந்தவன். ஆண்டுக்கு 50 பவுண்டு என்று ஒரு காட்சிக்காரனிடம் ஒப்பந்தமாகி பிரிஸ்டலுக்கு வந்தான். அந்தக் காட்சிக்காரன் இவனை இன்னொருவனுக்கு உள்வாடகைக்கு விடப் பார்த்தபோது மறுத்துவிட்டான். பொய்க் கடனுக்காகச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்ததும் தானே தன் காட்சியை நடத்தினான். முதல் மூன்று நாளிலேயே 30 பவுண்டு சம்பாதித்தான் என்கிறார்கள். உடலை வாடகைக்கு விடுவது ஒன்று, அதன் உரிமைப் பத்திரத்தை எழுதிக்கொடுப்பது வேறு. எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு கொத்தனாருக்கு இது தெரிந்திருந்தது. படித்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை.

பைர்ன் பயந்தது பார்வையாளர்களுக்கு அல்ல, மருத்துவர்களுக்கு. தான் இறந்தால் தன் உடலை அறுப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயம் மூடநம்பிக்கை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் 1752-இல் வந்த சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரனின் உடலை அறுத்துப் பார்த்த பிறகோ சங்கிலியில் தொங்கவிட்ட பிறகோ அல்லாமல் புதைக்கக் கூடாது என்றது. அதாவது அறுப்பது என்பது மரண தண்டனைக்கு மேலே சேர்க்கப்பட்ட இன்னொரு தண்டனை. சாவு போதாது என்றபோது கொடுத்த உபரி. கொலை செய்யாத ஒருவன் தனக்கு அந்தத் தண்டனை வேண்டாம் என்று நினைத்தால் அதற்குப் பெயர் அறியாமையா? தூக்குமேடை கொடுத்த உடல்கள் போதாததால் கல்லறைகளைத் தோண்டும் தொழில் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அந்நாட்டுச் சட்டத்தில் பிணம் யாருக்கும் சொத்து அல்ல. சவத்துணியைத் திருடினால் அது திருட்டு. சவத்தைத் திருடினால் திருட்டு அல்ல. ஆகவே தோண்டியவர்கள் துணியைக் கழற்றிக் குழியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சட்டத்தை இவ்வளவு நுட்பமாக மதித்தவர்கள் குறைவு.

மண்ணை நம்ப முடியாது என்பதால் அவன் கடலைக் கேட்டான். ஈயப் பெட்டியில் வைத்து ஆழ்கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டு, அதற்காகப் பணமும் ஒதுக்கினான். கடைசி நாட்களில் அவன் தங்கியிருந்த வீட்டை மருத்துவர்கள் சூழ்ந்து நின்றதை, திமிங்கிலத்தைச் சுற்றி ஈட்டியோடு நிற்கும் வேட்டைக்காரர்களோடு ஒப்பிட்டு எழுதியது அன்றைய ஒரு பத்திரிகை. ஹன்டர் தன் ஆள் ஹவிஸன் என்பவனை வைத்து அவன் நடமாட்டத்தைக் கண்காணித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவன் இறந்த பிறகு பெட்டி மார்கேட் கடற்கரைக்குப் போயிற்று. நண்பர்கள் படகில் ஏறிக் கடலில் இறக்கினார்கள். உள்ளே கற்கள் இருந்தன. உடல் வழியிலேயே கைமாறிவிட்டது. அதற்கு ஹன்டர் கொடுத்த லஞ்சம் 500 பவுண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. தன் வீட்டில் பெரிய செம்புக் கொப்பரையில் அதைக் கொதிக்க வைத்துச் சதையை நீக்கி எலும்பை எடுத்தார். அவசரத்தில் செய்ததால் எலும்பு பழுப்பேறிப் போயிற்று. சில ஆண்டுகள் வெளியே காட்டவில்லை. பிறகு லெஸ்டர் சதுக்கத்தில் இருந்த தன் காட்சிச்சாலையில் தொங்கவிட்டார்.

நம் மொழியில் ‘வேடிக்கை பார்ப்பது’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. திருவிழாவில் ஒன்றை ரசித்துப் பார்ப்பதும் வேடிக்கை பார்ப்பதுதான். பக்கத்து வீட்டில் அநியாயம் நடக்கும்போது திண்ணையில் கை கட்டி நிற்பதும் வேடிக்கை பார்ப்பதுதான். பைர்னின் வாழ்வு முழுவதும் முதல் அர்த்தத்தில் கழிந்தது; சாவு இரண்டாவதில் நடந்தது. ஆனால் அந்த நண்பர்களை நினைக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. விலை போனவர்கள் அவர்களில் எத்தனை பேர்? ஒருவனோ, இருவரோ இருக்கலாம். சவ அடக்கக்காரன் மட்டுமேகூட இருக்கலாம். மற்றவர்கள் உண்மையாகவே கண்ணீரோடு அந்தக் கனமான பெட்டியைக் கடலில் இறக்கியிருப்பார்கள். வாக்கைக் காப்பாற்றிய நிம்மதியோடு கரை திரும்பியிருப்பார்கள். கற்களுக்குச் செய்த மரியாதை மரியாதைதானா?

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் நேர்மையாக இருக்காது.

என் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். சடங்குகளில் நம்பிக்கை இல்லாதவர், ஆனால் அதைப் பற்றிச் சத்தம் போடாதவர். இறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று படிவம் நிரப்பிவைத்திருந்தார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இரண்டு முறை என்னைக் கூப்பிட்டு, ‘மறந்துடாதேப்பா’ என்றார். அவர் இறந்தது விடியற்காலையில். ஏழு மணிக்குள் சித்தப்பா வந்துவிட்டார், அத்தைகள் வந்துவிட்டார்கள். நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். ‘அண்ணனை அறுக்கக் குடுக்கவா உன்னைப் பெத்து வளர்த்தாரு?’ என்றார் சித்தப்பா. நான் மறுபடி ஒரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கல்லூரிக்குத் தகவல் சொன்னால்தான் அவர்கள் வருவார்கள். சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. மாலை நான்கு மணிக்குக் கொள்ளி வைத்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது, ஒரு குறையும் இல்லை. வந்தவர்கள் நல்லபடியாக அனுப்பிவைத்தாய் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பைர்ன் கத்தி வேண்டாம் என்றான், கத்தி கிடைத்தது. என் தகப்பனார் கத்தி வேண்டும் என்றார், நெருப்பு கிடைத்தது. ஹன்டர் அறிவுக்காகச் செய்தார். நான் வீட்டில் அன்று ஒரு சச்சரவு வேண்டாம் என்பதற்காகச் செய்தேன். இதில் யார் மேல் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வராது. அதனால்தான் ஹன்டரைக் கொடியவர் என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிட என்னால் முடியவில்லை.

ஹன்டர் சாதாரண ஆள் அல்ல. அறுவை சிகிச்சை என்பது நாவிதத் தொழிலின் வாலாக இருந்ததை, உடலைப் புரிந்துகொண்டு செய்யும் விஞ்ஞானமாக மாற்றியவர்களில் முதன்மையானவர். அம்மைத் தடுப்பைக் கண்ட எட்வர்ட் ஜென்னர் அவருடைய மாணவர். 1785-இல் முழங்காலுக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய் வீக்கத்துக்கு, காலை வெட்டாமல் தொடையில் ரத்தக்குழாயைக் கட்டி அவர் செய்த சிகிச்சையால் ஒரு வண்டிக்காரனின் கால் தப்பியது. இறந்தவர்களை அவ்வளவு பேர் திறந்து பார்த்திராவிட்டால் அவருக்கு அது தெரிந்திருக்காது. அவர் 1793-இல் இறந்தபோது அவர் உடலையும் திறந்து பார்த்தார்கள். இதயத்தின் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருந்ததைக் கண்டார்கள். தனக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்ட ஆளாக அவரை ஆக்க முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திறந்து பார்த்த பிறகு அவரைத் தைத்து அடக்கம் செய்தார்கள். 1859-இல் ஃப்ராங்க் பக்லண்ட் என்பவர் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளைப் புரட்டி, அவருடைய பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. ஹன்டரின் எலும்புக்காக இவ்வளவு தேடினார்கள். பைர்னின் எலும்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. எல்லோருக்கும் தெரியும் அது எங்கே தொங்குகிறது என்று.

செத்தவனுக்கு விருப்பம் ஏது என்று கேட்கலாம். எபிக்யூரஸ் கேட்டார்: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, பிறகு யாருக்கு என்ன நஷ்டம்? தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தகப்பனார் இறந்த பிறகு எனக்கு நானே இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவருக்குத் தெரியவா போகிறது? தெரியாது. சரி, அப்படியானால் அந்தப் பதினாறாம் நாள் இரவு நான் ஏன் விழித்துக்கொண்டிருந்தேன்?

வாக்குக் கொடுப்பது பிணத்துக்கு அல்ல. உயிரோடு, எதிரே உட்கார்ந்து, ‘மறந்துடாதேப்பா’ என்று சொல்கிறவருக்குத்தான். அந்த வாக்கின் பலன் அவருக்கு அப்போதே கிடைத்துவிடுகிறது. அவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அதை நான் பிறகு மீறும்போது, பிணத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் தூங்கப் போன அந்த மனிதரின் நிம்மதிதான் பொய்யாகிப் போகிறது. நடந்து முடிந்த ஒன்றைப் பின்னாலிருந்து போய்ப் பொய்யாக்க முடியுமா என்றால், முடியும். ஏமாற்றப்பட்டவனுக்குத் தான் ஏமாற்றப்பட்டது தெரியாவிட்டாலும் அவன் ஏமாற்றப்பட்டவன்தான். பைர்னின் நிலைமை இதைவிட மோசம். அவனுக்கு நிம்மதியே கிடைக்கவில்லை. ஹவிஸன் தெருவில் நிற்பது அவனுக்குத் தெரிந்திருந்தால், கடைசி மாதங்கள் முழுவதும் தன் சாவுக்குக் காத்திருக்கும் கண்களுக்கு நடுவே அவன் குடித்துக்கொண்டிருந்தான். உயிரோடிருந்தபோதே நடந்த கொடுமை அது. அதற்குச் செத்தவர்களின் தத்துவம் எதுவும் தேவையில்லை.

லண்டனில் ஹன்டரின் சேகரிப்பு இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னொரு எலும்புக்கூடு இருக்கிறது. ஜெரமி பென்தாமுடையது. 1832 ஜூன் மாதம் இறந்த அந்தத் தத்துவவாதி, தன்னை மாணவர்கள் முன்னால் அறுத்துக் காட்ட வேண்டும், பிறகு எலும்புக்குத் தன் உடைகளை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்துக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். அப்படியே செய்தார்கள். மூன்றாம் நாள் அறுத்தார்கள். மெழுகுத் தலையோடும் தொப்பியோடும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பார்க்கப்பட விரும்பிய கனவானின் விருப்பம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. பார்க்கப்பட விரும்பாத ஐரிஷ்காரனின் விருப்பம் நிறைவேறவில்லை. அதே 1832-இல் வந்த சட்டம், ஏழை விடுதிகளில் இறந்து யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. கொலைக்குத் தண்டனையாக இருந்தது வறுமைக்குத் தண்டனையாயிற்று. இறந்தவனுக்கு விருப்பம் இல்லை என்பது எல்லோருக்கும் பொதுவான தத்துவமாக இருந்ததாகத் தெரியவில்லை.

இனி மறுபக்கம். இதைச் சுலபமாகத் தள்ள முடியாது. 1909-இல் ஹார்வி குஷிங்கும் ஆர்தர் கீத்தும் பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார்கள். பிட்யூட்டரி சுரப்பி தங்கியிருக்கும் எலும்புக் குழி விரிந்திருந்தது. அங்கே இருந்த கட்டிதான் அவன் வளர்ச்சியை நிற்கவிடாமல் செய்தது. வைக்கோல் போருக்கு அன்று விடை கிடைத்தது. 2011-இல் மார்த்தா கோர்போனிட்ஸும் அவருடைய சகாக்களும் அவனுடைய பல்லிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்து, ஏஐபி என்ற மரபணுவில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தார்கள். அதே பிழை இன்றும் வட அயர்லாந்தின் சில குடும்பங்களில் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து அது இவர்கள் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். இன்று அந்தக் குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு முன்கூட்டியே சோதித்துச் சிகிச்சை தர முடியும். அவனைப் போல வளர்ந்து, தலைவலியும் மூட்டுவலியுமாகச் சீக்கிரம் சாக வேண்டியதில்லை. அந்தக் குழந்தையின் தாயிடம் போய், இந்த எலும்பு கடலுக்குள் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது. ஆனால் அந்த நன்மையை ஹன்டரின் கணக்கில் வரவு வைக்கவும் என்னால் முடியாது. பிட்யூட்டரிக்கும் அபரிமித வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. அவர் பார்த்தது அபூர்வமான ஓர் உருப்படியை. அதைத் தன் சேகரிப்பில் சேர்க்க வேண்டும் என்ற வெறி, காட்சிக்காரனுடைய வெறியிலிருந்து எவ்வளவு தூரம்? காட்சிக்காரனாவது பங்கு கொடுத்தான். விதை திருடியவன் தோட்டத்தில் நூறு வருஷம் கழித்து மரம் காய்த்தால், காயைத் தின்னலாம். திருட்டு விதைப்பு ஆகிவிடாது. இன்னொன்று: அந்தக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டபடி கொடுத்த ரத்தத்தில்தான் இன்றைய சோதனை நடக்கிறது. கேட்டால் கொடுக்கிறார்கள். ஹன்டர் பைர்னிடம் கேட்டார் என்றும் அவன் மறுத்தான் என்றும் ஒரு கதை உண்டு. மறுப்புக்கு மேல் போனது அறிவு அல்ல, பணம்.

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை இன்னொரு விதமாக நடந்தது. அமெரிக்காவில் ஆல்டன் என்ற ஊரில் 1918-இல் பிறந்த ராபர்ட் வாட்லோ எட்டடி பதினோரு அங்குலம் வளர்ந்தான். அளந்து உறுதி செய்யப்பட்டவர்களில் அவனுக்கு மேல் யாரும் இல்லை. 1937-இல் ஒரு பெரிய சர்க்கஸில் சிறிது காலம் தோன்றினான், நிபந்தனைகளோடு. நடு வளையத்தில் மட்டும்தான் வருவேன், பக்கக் கூடாரத்தில் விநோதங்களோடு நிற்கமாட்டேன். எல்லோரையும் போன்ற உடைதான் அணிவேன், உயரத்தைக் கூட்டிக் காட்டும் தொப்பி கிடையாது. சர்க்கஸ் ஒத்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன ஒரு மருத்துவர், அதே 1937-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், அவனை மந்தமானவன், சிடுசிடுப்பானவன் என்ற தொனியில் எழுதினார். குடும்பம் வழக்குப் போட்டது, தோற்றது. சர்க்கஸ் கூடாரத்தில் நிபந்தனை விதிக்க முடிந்தவனுக்கு மருத்துவ இதழில் முடியவில்லை. 1940 ஜூலையில், கால் தாங்கி உரசி ஏற்பட்ட கொப்புளம் சீழ் பிடித்து இறந்தான். பாதங்களில் உணர்வு குறைந்துபோயிருந்ததால் கொப்புளம் அவனுக்குத் தெரியவில்லை. வயது 22. பைர்னின் வயதேதான்.

குடும்பம் அவன் கல்லறையைக் கான்கிரீட்டால் மூடியது. உடைகளையும் உடைமைகளில் பெரும்பாலானவற்றையும் அழித்துவிட்டார்கள், காட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று. அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன், 1806-இல் பிரிஸ்டலில் இறந்த காட்டரும் இதைத்தான் செய்தான்: பாறையில் பன்னிரண்டடி ஆழம் குடைந்து இரும்புக் கம்பிகள் போட்டு மூடச் சொன்னான். பைர்னுக்கு நேர்ந்தது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மற்றவர்களெல்லாம் சாவதற்கு முன் சொத்துக்கு உயில் எழுதுகிறார்கள். இவர்கள் தங்கள் எலும்புகளுக்குப் பூட்டுப் போட வேண்டியிருந்தது.

ஹன்டரின் சேகரிப்பை 1799-இல் பிரிட்டிஷ் அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கி அறுவை மருத்துவர்களின் சங்கத்திடம் ஒப்படைத்தது. பைர்ன் அதோடு போனான். 1941-இல் ஜெர்மானியக் குண்டு அந்தக் கட்டடத்தில் விழுந்து சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தபோதும் அவன் தப்பினான் — ‘தப்பினான்’ என்பது சரியான சொல்லா தெரியவில்லை. 2011-இல் ஒரு நெறியியல் பேராசிரியரும் ஒரு சட்ட அறிஞரும் சேர்ந்து, அவன் கேட்டபடி கடலில் அடக்கம் செய்யுங்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அருங்காட்சியகம் புதுப்பிப்பதற்காக 2017-இல் மூடப்பட்டு 2023 மே மாதம் திறந்தது. அதற்குச் சற்று முன், ஜனவரியில், அறிவித்தார்கள்: பைர்னின் எலும்புக்கூடு இனிக் காட்சிக்கு வைக்கப்படாது, ஆனால் உண்மையான ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்படும்.

இந்த ‘ஆனால்’ எனக்குப் பழக்கமானது. வாக்கை மீறாமலும் நிறைவேற்றாமலும் இருக்கக் கண்டுபிடித்த இடம் அது. நானும் அப்படி ஒன்று செய்தேன்: தகப்பனாரின் கண்களை மட்டுமாவது கொடுத்துவிடலாம் என்று அன்று காலை சித்தப்பாவிடம் கேட்டு, அவர் சம்மதித்து, கண் வங்கியிலிருந்து வந்து எடுத்துப் போனார்கள். அது ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். யாரோ இருவர் பார்க்கிறார்கள். ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

பைர்னைக் கடலில் விட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவனிடமிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அளவுகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, மரபணு இருக்கிறது. நாளைக்கு வேறொரு சோதனை வரலாம் என்பார்கள். வரும். நாளை என்றும் வந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் காரணத்துக்காக வைத்துக்கொள்வது என்றால் எந்தக் காலத்திலும் விட முடியாது. மார்கேட் கடற்கரை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எலும்புக்கூட்டை எடுத்த பிறகு அங்கே எதைக் காட்டுவது என்ற கேள்வி அருங்காட்சியகத்தாருக்கு வந்திருக்கிறது. ரெனால்ட்ஸின் ஓவியத்தைக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். தாடையில் கை வைத்து, மேலே பார்த்தபடி ஹன்டர். மூலையில் இரண்டு பாதங்கள்.